பந்தியில் இல்லாத உண்மை: கிரகித்தல் தாளில் உய்த்தறிதல் வினாக்கள்

போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் கிரகித்தலைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதைக் களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை பல வகுப்புகளிலும் காணலாம். பொது அறிவுக்கு மொத்தமான கொப்பி ஒன்று இருக்கும். உளச்சார்புக்குச் சனி, ஞாயிறு கிளாஸ் இருக்கும். கிரகித்தலுக்கு மட்டும், "பந்தி தாறாங்கதானே, வாசிச்சு எழுதினாச் சரி" என்ற துணிவு. யார், எப்போது, எத்தனை என்று கேட்கும் நேரடி வினாக்களுக்கு அந்தத் துணிவு போதும். "இப்பந்தியிலிருந்து உய்த்தறியக்கூடியது எது?", "பின்வருவனவற்றுள் எதனுடன் ஆசிரியர் உடன்படுவார்?" என்று கேட்கும்போதுதான் புள்ளி கழன்று போகிறது. நிர்வாக சேவையோ சட்டக் கல்லூரி நுழைவோ, வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு புள்ளி என்பது சிறிய விடயமில்லை.

இந்த வினாக்களில் நம் பகுதிப் பிள்ளைகள் சறுக்குவதற்குத் தமிழ் விளங்காததைக் காரணமாகச் சொல்ல முடியாது. வாசிப்பார்கள், விளங்கும். பிறகு, பந்தி சொன்னதோடு தாங்கள் அறிந்ததையும் சேர்த்து விடை தேடுவார்கள். அணுக்கரு பற்றிய பந்தியில் இந்தப் பிழை குறைவு; அங்கே சேர்ப்பதற்குக் கையில் எதுவும் இருக்காது. வாவி, வயல், சுனாமி, குளம், பாலம் என்று பந்தி வந்தால்தான் பிழை கூடும். பிறந்ததிலிருந்து பார்த்த விடயம் என்பதால் மனம் பந்தியைத் தாண்டி ஓடிவிடும். ஆகவே தெரிந்த விடயம் வரும்போது "வாய்ப்பான பந்தி" என்று மகிழாமல், இரட்டிப்புக் கவனத்தோடு வாசிக்க வேண்டும்.

உய்த்தறிதலுக்கு வேலைக்குதவும் விளக்கம் இதுதான்: பந்தியில் உள்ளவை அனைத்தும் உண்மையென்று எடுத்துக்கொண்டால், இந்தக் கூற்றும் உண்மையாக இருந்தே ஆகவேண்டும். இருக்கலாம், இருக்கக்கூடும், பெரும்பாலும் அப்படித்தான் என்பவை போதாது. "பெரும்பாலும்" என்ற சொல் வினாவிலேயே இருந்தால் மட்டும் ஒரு சிறிய தளர்வு உண்டு. அப்போதும் பந்தியிலுள்ள ஒரு சொற்றொடரையாவது விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். பந்தியிலிருந்து எடுக்கும் அடி மிகச் சின்னதாக இருக்கும். பிள்ளைகள் பெரிய அடி எடுத்துவைக்கப் பார்க்கிறார்கள். "இது வெளிப்படையாகத் தெரியுதே, இதையா கேட்பாங்க?" என்று தோன்றும் விடையே அனேகமாகச் சரியான விடை.

பயிற்சிக்காக எழுதிய பந்தி ஒன்றை வைத்து இதைக் கிட்டவாகப் பார்ப்போம்.

"களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் கோடையில் மணல் மூடி அடைபட்டுப் போகும். மாரியில் களப்பின் நீர்மட்டம் ஏறி, கரையோர வயல்களுக்குள் தண்ணீர் புகத் தொடங்கும்போது, முகத்துவாரத்தை உடனே வெட்டிவிடுமாறு விவசாயிகள் கேட்கின்றனர். மீனவர்களிற் பலர் அவ்வளவு விரைவாக வெட்டுவதை விரும்புவதில்லை. வெட்டிய பின்னர் நீர்மட்டம் இறங்குகிறது. களப்பின் உப்புத்தன்மை கூடுகிறது. கடலிலிருந்து இறால் குஞ்சுகளும் உள்ளே வருகின்றன. வெட்டுவதா, விடுவதா என்பதைவிட எப்போது வெட்டுவது என்பதே ஒவ்வொரு மாரியிலும் எழும் கேள்வி."

இப்பந்தியிலிருந்து உய்த்தறியக்கூடியது எது?

1. முகத்துவாரத்தை வெட்டுவதால் மீனவர்களுக்கு நட்டமே ஏற்படுகிறது.
2. மீனவர்களுள் எவரும் முகத்துவாரம் வெட்டப்படுவதை விரும்புவதில்லை.
3. முகத்துவாரத்தை வெட்டும் நேரம் பற்றி விவசாயிகளும் மீனவர் சிலரும் ஒரே கருத்தில் இல்லை.
4. களப்பின் நீர்மட்டம் உயர்ந்திருக்கும் காலத்தில் மீன்பிடி அதிகரிக்கிறது.
5. முகத்துவாரத்தை வெட்டும் முடிவு மாவட்டச் செயலகத்தில் எடுக்கப்படுகிறது.

ஐந்தாவதிலிருந்து தொடங்குவோம். பாலமீன்மடுப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்தத் தெரிவு கண்ணில் பட்டதும் மனம் அங்கேயே நின்றுவிடும். வகுப்பில் இப்படித்தான் கேட்பார்கள்: "சேர், அது உண்மைதானே?" உண்மையாகவே இருக்கட்டும் மகன், பந்தியில் எந்த வரி சொல்லுது? ஒரு வரியும் இல்லை. முடிவை யார் எடுக்கிறார் என்ற பேச்சே பந்தியில் கிடையாது. உலகத்தில் உண்மை, பந்தியில் இல்லை. அதனால் விடையும் இல்லை. வினாத்தாள் தயாரிப்பவர் இத்தகைய தெரிவைத் தெரிந்துகொண்டேதான் வைப்பார்.

நான்காவது இன்னும் நுட்பமானது. மீனவர்கள் விரைவாக வெட்டுவதை விரும்புவதில்லை என்று பந்தி சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை வாசகர் தானாக நிரப்புகிறார்: தண்ணீர் நிறைய இருந்தால் மீன் நிறையப் படும், அதனால்தான் விரும்பவில்லை. நல்ல ஊகம்தான். ஆனால் வேறு காரணமும் இருக்கலாம்: வலை, தோணி, உப்புக் கூடுதல், ஏதோ ஒன்று. காரணம் சொல்லப்படாத இடத்தில் ஒரேயொரு காரணத்தை நாட்டுவது உய்த்தறிதல் ஆகாது. "ஏன்" என்ற வெற்றிடத்தை நிரப்பும் தெரிவுகளை இருமுறை சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவதில் "பலர்" என்பது "எவரும் இல்லை" ஆகிவிட்டது. "அவ்வளவு விரைவாக" என்ற அடை காணாமற் போய்விட்டது. ஒரே தெரிவில் இரண்டு திருகல். முதலாவதில் "நட்டமே" என்ற ஏகாரத்தைக் கவனியுங்கள். நட்டம் என்று பந்தியில் ஓரிடத்திலும் இல்லை. போதாததற்கு, இறால் குஞ்சு உள்ளே வருவது தொழிலுக்கு நல்லதாகவும் இருக்கலாம். "நட்டமே" அதற்கு இடம் விடவில்லை.

மிச்சம் மூன்றாவது. மிச்சம் வந்ததால் சரியென்று புள்ளடி போட்டுவிடக் கூடாது, மறுத்துப் பார்க்க வேண்டும். "விவசாயிகளும் மீனவர்களும் நேரம் பற்றி ஒரே கருத்தில்தான் இருக்கிறார்கள்" என்று வைத்துக்கொண்டு பந்தியைத் திரும்ப வாசியுங்கள். ஒரு தரப்பு உடனே வெட்டச் சொல்ல, மறு தரப்பில் பலர் விரைவாக வெட்டுவதை விரும்பவில்லை என்ற வரிகளில் போய் அது முட்டுகிறது. மறுப்பு பந்தியோடு முட்டினால் கூற்று நிற்கும். ஐந்தாவதையும் இதேபோல மறுத்துப் பாருங்கள்: "முடிவு மாவட்டச் செயலகத்தில் எடுக்கப்படுவதில்லை." பந்தியில் எதனோடும் முட்டவில்லை. ஆகவே அது உய்த்தறிதல் அல்ல. இந்தச் சோதனைக்குச் சில விநாடிகள்தான் செல்லும். எல்லாத் தெரிவுக்கும் செய்யத் தேவையில்லை. வெட்டிக் கழித்து இரண்டுக்கு வந்த பிறகு செய்தால் போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். பந்தி "பலர்" என்கிறது, சரியான விடை "சிலர்" என்கிறது. பலர் என்றால் சிலராவது இருப்பார்கள் என்பதால் கீழே இறங்கலாம், பிழையில்லை. சிலரிலிருந்து பலருக்கு ஏறத்தான் முடியாது. அளவுச் சொற்களில் இறங்குவழி திறந்திருக்கும், ஏறுவழி மூடியிருக்கும்.

விகுதியில் ஒளிந்திருக்கும் விடை

தமிழ் வினாத்தாளில் உய்த்தறிதலின் பெரும்பகுதி சின்னச் சின்ன இடைச்சொற்களில்தான் தொங்குகிறது. ஆங்கிலத்தில் உள்ள பயிற்சிப் புத்தகங்களை வைத்துப் படிக்கும் பிள்ளைகள் இதைத் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் அந்தப் புத்தகங்களில் இதற்கு இடமில்லை.

"வாய்க்காலில் தண்ணீர் வந்தால் விதைப்பார்கள்." "வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் விதைப்பார்கள்." இரண்டையும் ஒன்றாக வாசிப்பவர் வினாவில் தப்ப முடியாது. முதலாவது வாக்கியத்தில், தண்ணீர் வந்தது என்று தெரிந்தால் விதைப்பு நடக்கும் என்று முடிவு செய்யலாம். விதைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் தண்ணீர் வந்தது என்று சொல்ல முடியாது. மழையை நம்பியும் விதைத்திருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தில் நிலைமை தலைகீழ். விதைத்திருக்கிறார்கள் என்றால் தண்ணீர் வந்திருக்கிறது, சந்தேகமில்லை. தண்ணீர் வரவில்லை என்றால் விதைப்பில்லை. ஆனால் தண்ணீர் வந்ததை மட்டும் வைத்து விதைப்பு நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விதைநெல் இல்லாமலும் இருக்கலாம். "தான்" என்ற ஓரெழுத்துக்குக் கொஞ்சம் கூடிய ஒட்டு, முடிவு செல்லும் திசையையே மாற்றிவிடுகிறது. பந்தியில் "ஆல்", "ஆல்தான்", "ஆலும்", "ஆலன்றி" வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதன் உறவுக்காரன்தான் பெயரெச்சம். "நேரத்தோடு தண்ணீர் கிடைத்த வயல்கள் நன்றாக விளைந்தன" என்று பந்தி சொன்னால், தண்ணீர் கிடைக்காத வயல்கள் விளையவில்லை என்று அது சொல்லவில்லை. அந்த வயல்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்தக் கண்ணியில் விழாத பிள்ளைகள் குறைவு.

உம்மை வேறு விதமாக வேலை செய்யும். "2013இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரும் பழைய கல்லடிப் பாலத்தில் ஆட்கள் நடந்து போகின்றனர்." இங்கே "பின்னரும்" என்பதிலுள்ள உம், எழுதாத இரண்டு செய்திகளைத் தருகிறது: புதிய பாலம் திறக்கப்படுவதற்கு முன்னரும் பழைய பாலத்தில் ஆட்கள் நடந்தார்கள், புதிய பாலம் வந்தால் அது நின்றுவிடும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. இரண்டும் நியாயமான உய்த்தறிதல்கள். புதிய பாலத்தை ஆட்கள் விரும்பவில்லை என்பது நியாயமில்லாதது. "பிள்ளைகளும் வந்தனர்" என்றால் வேறு யாரோவும் வந்திருக்கிறார்கள். "பிள்ளைகள் கூட வந்தனர்" என்றால், அதோடு, பிள்ளைகள் வருவார்கள் என்று எழுதியவர் நினைத்திருக்கவில்லை. "ஒருவராவது" என்றால் ஒன்று கீழெல்லை, மேலெல்லை தெரியாது. "என்பர்", "எனக் கூறப்படுகிறது", "காரணமாகச் சொல்கிறார்கள்" என்று வந்தால், சொல்லப்பட்ட விடயத்துக்கு எழுதியவர் பொறுப்பெடுக்கவில்லை. ஆசிரியரின் நிலைப்பாட்டைக் கேட்கும் வினாக்களில் இதுவே பெரும்பாலும் திறவுகோல்.

தமிழில் ஒரு தொந்தரவான இடமும் உண்டு. "எல்லாப் பாடசாலைகளிலும் ஆய்வுகூடம் இல்லை." ஒன்றில்கூட இல்லையா, சிலவற்றில் இல்லையா? இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். நல்ல வினாத்தாளில் முன்பின் வாக்கியங்கள் பொருளைத் தெளிவாக்கும். தெளிவாக்காவிட்டால், இரண்டு வாசிப்பிலும் நிற்கக்கூடிய தெரிவைத் தேடுங்கள்: "ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகள் உள்ளன" என்பது எப்படி வாசித்தாலும் நிற்கும்.

"எல்லாம்" வந்தால் வெட்டலாமா?

ரியூஷன் வகுப்புகளில் ஒரு குறுக்குவழி உலவுகிறது: "எல்லா, எப்போதும், ஒருபோதும், மட்டும் என்று வந்தால் அந்தத் தெரிவை வெட்டிப்போடு, மென்மையான தெரிவே விடை." இந்தக் குறுக்குவழியை விட்டுவிடச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. வன்மையான சொல் பிழையாவது பந்தி மென்மையாக இருந்தால்தான். "1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு அந்தக் கிராமத்தில் கூரை தப்பிய வீடு ஒன்றும் இருக்கவில்லை" என்று பந்தி சொன்னால், "அக்கிராமத்தின் எல்லா வீடுகளும் கூரைச் சேதத்துக்கு உள்ளாகின" என்பதே சரியான விடை. "எல்லா" என்று கண்டதும் வெட்டிய பிள்ளைக்கு அங்கே புள்ளி போய்விடும். பந்தியின் வன்மையையும் தெரிவின் வன்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். தெரிவு பந்தியைவிட உரத்துப் பேசினால் வெட்டலாம். சமமாகவோ தாழ்ந்தோ பேசினால் வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியரின் தொனியைக் கேட்கும் வினாக்களுக்கும் இதே அளவுகோல்தான். கண்டிக்கிறார், ஐயுறுகிறார், கவலைப்படுகிறார், எச்சரிக்கிறார் என்று நான்கு தெரிவு வந்தால், பந்தியிலுள்ள மதிப்பீட்டுச் சொற்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். "துரதிர்ஷ்டவசமாக" ஒன்றுதான் இருக்கிறதென்றால் கண்டனம் வரை போக முடியாது.

தொகையும் வீதமும் கலக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும், அடிக்கடி வருவதால். "இவ்வாண்டு சித்தியடைந்தோர் தொகை கூடியது" என்பதிலிருந்து சித்தி வீதம் கூடியது என்று முடிவு செய்ய முடியாது. தோற்றியவர்களின் தொகை இன்னும் அதிகமாகக் கூடியிருந்தால் வீதம் இறங்கியிருக்கும்.

வினா என்ன கேட்கிறது

உய்த்தறிதலையும் எடுகோளையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர். "பாலம் அகலமாகிவிட்டது, ஆகவே கல்லடியிலிருந்து நகருக்கு வரும் நேரம் குறையும்" என்று ஒருவர் வாதிட்டால், இதுவரை தாமதத்துக்குப் பாலத்தின் ஒடுக்கமும் ஒரு காரணம் என்பது அவர் சொல்லாமல் நம்பியிருக்கும் எடுகோள். அதை மறுத்தால் வாதம் விழுந்துவிடும். உய்த்தறிதலை மறுத்தால் பந்தியோடு முரண்படும். எடுகோள் வாதத்துக்கு அடியில் இருப்பது, உய்த்தறிதல் வாதத்துக்கு மேலே வருவது. "உய்த்தறிய முடியாதது எது?" என்ற எதிர்மறை வினாவில் "முடியாதது" என்பதற்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, ஒவ்வொரு தெரிவின் பக்கத்திலும் முடியும், முடியாது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். மனக்கணக்கில் செய்தால் கடைசித் தெரிவுக்கு வரும்போது வினாவே திரும்பிவிடும்.

வெளிநாட்டுப் படிப்புக்காக ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதுவோர் நம் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அதன் வாசிப்புத் தாளில் 60 நிமிடத்தில் 40 வினா. கணினியில் அல்லாமல் காகிதத்தில் எழுதினால், விடைகளைத் தாளுக்கு மாற்றி எழுதவும் அதற்குள்ளேயே நேரம் எடுக்க வேண்டும். அங்கே சரி, பிழை, தரப்படவில்லை என்ற மூன்று தெரிவுள்ள வினா வகை ஒன்று உண்டு. பிழைக்கும் தரப்படவில்லைக்கும் இடையில்தான் குழப்பம். பந்தி இப்படி இருக்கிறதென்று வைப்போம்: "கல்லோயாத் திட்டம் 1949இல், நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டில், ஆரம்பிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்துக்கு முதலாவது பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயர் சூட்டப்பட்டது." கூற்று ஒன்று: "கல்லோயாத் திட்டம் சுதந்திரத்துக்கு முன்னர் ஆரம்பிக்கப்பட்டது." பந்தி இதற்கு எதிரானதைச் சொல்கிறது, ஆகவே பிழை. கூற்று இரண்டு: "சேனாநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்று." அம்பாறையில் வளர்ந்த பிள்ளை கையைத் தூக்கிச் சரி என்று சொல்லும். உண்மையும்கூட. ஆனால் பந்தியில் நீர்த்தேக்கத்தின் அளவு பற்றி ஒரு சொல்லும் இல்லை, விடை "தரப்படவில்லை". பிழை என்று எழுதுவதற்கு, எதிரானதைச் சொல்லும் வரியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது தரப்படாதது.

எழுதி விடையளிக்கும்போது

நம் நாட்டுத் தாள்களில் கிரகித்தல் பல சமயம் தெரிவு வினாவாக வராது. இரண்டு மூன்று வரியில் எழுதச் சொல்வார்கள். அங்கே உய்த்தறிதல் வினா "ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறாரா? காரணம் காட்டுக" என்ற உருவத்தில் வரும். இன்னொரு பயிற்சிப் பந்தி:

"தறி ஓசை கேளாத தெரு இல்லை என்றிருந்த ஊரில் இன்று தறி வைத்திருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நூல் விலை ஏறியதைக் காரணமாகச் சொல்கிறார்கள். நூல் விலை முன்னரும் ஏறியிருக்கிறது. அப்போது தறிகள் நிற்கவில்லை. தறியில் இருக்கும் முதியவர்களிடம் கேட்டால், பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கவில்லை என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்."

வினா: நெசவுத் தொழில் குன்றியதற்கு நூல் விலை ஏற்றமே காரணம் என்பதை ஆசிரியர் ஏற்றுக்கொள்கிறாரா? காரணம் காட்டுக. (3 புள்ளிகள்)

மருதமுனைப் பக்கத்துப் பிள்ளை எழுதும் பிழையான விடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இல்லை. இயந்திர ஆடைகள் மலிவாக வந்ததாலும் வெளிநாட்டு வேலை வாய்ப்பாலும் கைத்தறி குன்றியது." ஊரைப் பற்றிய சிந்தனையாக இது மதிக்கத்தக்கது. பந்தியில் ஒரு சொல்லும் இதற்கு ஆதாரமாக இல்லை. இன்னொரு வகைப் பிழை, பந்தியின் இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களை அப்படியே இறக்கி வைப்பது. அது வாசித்ததைக் காட்டும், விளங்கியதைக் காட்டாது.

மூன்று புள்ளிக்கு மூன்று விடயம் இருக்க வேண்டும்: முடிவு, அதற்கான முதலாவது சான்று, இரண்டாவது சான்று. "ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் காரணத்தைத் தன் கருத்தாகக் கூறாமல் பிறர் சொல்வதாகவே ஆசிரியர் குறிப்பிடுகிறார். விலை ஏறிய முந்திய காலங்களில் தொழில் தொடர்ந்து நடந்ததை எடுத்துக்காட்டி, அக்காரணம் மட்டும் போதாது என உணர்த்துகிறார்." கடைசி வாக்கியத்தில் "மட்டும் போதாது" என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். நூல் விலைக்கும் தறி நின்றதற்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதினால் அது பந்தியைத் தாண்டிவிடும். விலை ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்பதை ஆசிரியர் மறுக்கவில்லை.

அந்தச் சிரிப்பை என்ன செய்வது? முதியவர்கள் வெட்கப்பட்டார்கள், கசப்படைந்தார்கள் என்றெல்லாம் எழுத ஆசை வரும். பந்தி சிரிப்பை மட்டும் தந்து, பொருளைத் தரவில்லை. "காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல அவர்கள் முன்வரவில்லை" என்பது வரை போகலாம். அதற்கு அப்பால் போனால் கதை எழுதுகிறோம்.

மண்டபத்தில் நேரம்

முந்நூறு சொல் அளவுள்ள பந்திக்கும் ஐந்து வினாவுக்கும் பத்து நிமிடம் என்று வைத்துப் பழகலாம். முதலில் வினாக்களை ஒருமுறை வாசியுங்கள். தெரிவுகளை வாசிக்க வேண்டாம். தெரிவுகளில் பெரும்பாலானவை பிழை. பிழையான நான்கு கருத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு பந்திக்குள் போனால், பந்தி சொல்லாததும் சொன்னது போலத் தோன்றும். பிறகு பந்தியை ஒரே மூச்சில் வாசித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அல்ல, திருப்பம் வரும் "ஆனால், எனினும், மாறாக, ஆகவே" இடங்களுக்கு மட்டும் குறியிடுங்கள். இதற்கு மூன்று நிமிடம். நேரடி வினாக்களை முதலில் முடியுங்கள். அவற்றுக்காகப் பந்திக்குத் திரும்பும்போது உய்த்தறிதல் வினாவுக்கும் இடம் பழகிவிடும். உய்த்தறிதல் வினாவுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் குறியிட்டுவிட்டு நகருங்கள்.

இரண்டு தெரிவில் மாட்டிக்கொண்டால் பந்தியை முழுக்கத் திரும்ப வாசிக்க வேண்டாம். அந்த இரண்டு தெரிவும் எந்தச் சொல்லில் பிரிகின்றன என்று பார்த்து, அந்தச் சொல்லுக்கான ஆதாரத்தை மட்டும் பந்தியில் தேடுங்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பார்களா என்பது பரீட்சைக்குப் பரீட்சை வேறுபடும். முதற்பக்க அறிவுறுத்தலில் இருக்கும். கழிக்காத தாளில் ஒரு வினாவையும் வெறுமையாக விட்டுவரக் கூடாது.

பயிற்சி

கடந்தகால வினாத்தாள்களைச் செய்து, விடையைப் பார்த்து, சரி பிழை போட்டுவிட்டு மூடிவைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. சரியாகச் செய்த வினாவிலும், மற்றத் தெரிவுகள் ஏன் பிழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் எழுதுங்கள். "மிகை" என்றால் பந்தியைவிட உரத்துப் பேசியது. "வெளி" என்றால் பந்தியில் இல்லாதது, அது உலகத்தில் உண்மையாக இருந்தாலும். "திருப்பு" என்றால் காரணத்தையும் விளைவையும், அல்லது நிபந்தனையின் திசையை மாற்றியது. "அரை" என்றால் முற்பாதி சரி, பிற்பாதி பிழை. இருபது பந்தி செய்த பிறகு கொப்பியைப் புரட்டினால் உங்கள் பலவீனம் எழுத்தில் தெரியும். ஒருவருக்கு "வெளி" நிறைய வரும், இன்னொருவருக்கு "அரை". "அரை" நிறைய வருபவர் தெரிவை இறுதி வரை வாசிக்காமல் புள்ளடி போடுகிறார். அதற்கு மருந்து, தெரிவின் பிற்பாதியை முதலில் வாசிப்பது. "வெளி" நிறைய வருபவர் தன் ஊர் விடயமாக வரும் பந்திகளைத் தேடித் தேடிச் செய்ய வேண்டும்.

பந்திக்குப் பஞ்சமில்லை. வீரகேசரி, தினகரன், தினக்குரல் ஆசிரியர் தலையங்கங்கள் அளவிலும் நடையிலும் பரீட்சைப் பந்திக்குக் கிட்டவானவை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பொது நூலகத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தால் ஒரு வாரத்துக்கான பந்திகளைக் குறித்துக்கொள்ளலாம். வினாவைத்தான் நாமே ஆக்க வேண்டும், அதுவே மிகப் பெரிய பயிற்சி. இரண்டு பேர் சேருங்கள். ஒரே தலையங்கத்தை எடுத்து, ஒவ்வொருவரும் ஒரு சரியான உய்த்தறிதலையும் மூன்று பிழையான தெரிவையும் எழுதுங்கள். பிழையில் ஒன்று மிகை, ஒன்று வெளி, ஒன்று திருப்பு. சரியான விடையை எழுதுவது இலகு. நம்பத்தகுந்த பிழை ஒன்றை எழுதப் போகும்போதுதான், வினாத்தாள் தயாரிப்பவர் எந்தச் சொல்லை எப்படித் திருகுகிறார் என்பது கைக்குப் பிடிபடும்.

தாளை மாற்றிக்கொண்டு விடையளியுங்கள். ஒரு வினாவில் இருவரும் இணங்காவிட்டால் சத்தமாக வாதிட வேண்டாம். தலையங்கத்தை வாசிக்காத மூன்றாவது ஒருவரிடம் பந்தியையும் சர்ச்சைக்குரிய தெரிவையும் மட்டும் கொடுத்து, ஆதார வரிக்குக் கீழே கோடிடச் சொல்லுங்கள். அவர் கோடிட இடமில்லாமல் பேனையைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தால், அந்தத் தெரிவை எழுதியவர் அதைத் திருத்தி எழுத வேண்டும்.